குறைந்தபட்ச ஊதியம் 18 சதவீதம் ஏறுகிறது. நான்கு பேரை நிறுத்தத்தான் வேண்டுமா?

கடிதம் எழுதிய சகோதரி ஒரு லாண்டரி நடத்துகிறார். ஹோட்டல்களுக்கும் ஒரு மருத்துவமனைக்கும் விரிப்பு, துண்டு, சீருடை வெளுத்துக் கொடுப்பது பாதிக்கு மேற்பட்ட தொழில். வீட்டுத் துணிகளும் சில்லறை வாடிக்கையாளர்களும் மீதி. மொத்தம் 19 ஊழியர்கள். அதில் 12 பேருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம். மெஷின் ஓட்டுபவர்கள், கறை எடுப்பவர்கள் என 5 பேருக்கு அதைவிட 20 சதவீதம் அதிகம். இரண்டு மேற்பார்வையாளர்கள். இதுபோக இரண்டு இடங்கள் பல மாதமாகக் காலி. இப்போது அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 18 சதவீதம் உயர்த்தி அறிவித்திருக்கிறது. மூன்று மாதத்தில் அமலுக்கு வருகிறது.

கணக்கு வழக்கைக் கவனிக்கும் அண்ணன், “லாபமே 7 சதவீதம்தான், இது வந்தால் ஒன்றும் மிஞ்சாது, நான்கு பேரை இப்போதே நிறுத்து” என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், “எல்லோர் கையிலும் காசு புழங்கினால் நமக்கும் வியாபாரம் கூடும், பயப்படாதீங்க அம்மா” என்கிறார். ஊழியர்களில் சிலர், “பழைய சம்பளமே போதும் அக்கா, வேலை இருந்தால் சரி, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள். கடன் வாங்கித் துண்டு மடிக்கும் மெஷின் போடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. கடைசியாக ஒரு கேள்வி: “சம்பளம் ஏறினால் விலைவாசியும் ஏறிவிடுமே, அப்புறம் இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?”

சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி, மகன் சொல்வதில் கால்வாசி சரி. மூன்று மாத அவகாசம் இருக்கும்போதே எழுதியது நல்லது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிகளையும் செலவுக் கணக்கையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் பொதுப்படையாகப் பேசாமல் உங்கள் எண்களை வைத்தே பேசலாம்.

அண்ணனின் கணக்கு எங்கே தவறுகிறது

மாத விற்பனையை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய கணக்குப்படி மொத்தச் சம்பளம் 36. மின்சாரம், எரிபொருள், தண்ணீர் 20. சோப்பு, ரசாயனம் 8. வாடகை 9. மெஷின் கடன் தவணையும் பராமரிப்பும் 13. வண்டி 5. இதர செலவு 2. கூட்டினால் 93, மிச்சம் 7. அண்ணன் 36-ஐ 18 சதவீதத்தால் பெருக்கி, செலவு 6.5 கூடும், லாபம் அரை ரூபாயாகிவிடும் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

சட்டம் கட்டாயப்படுத்துவது 19 பேருக்கான உயர்வை அல்ல, அடிமட்டத்தில் இருக்கும் 12 பேருக்கான உயர்வை. அவர்களுடைய சம்பளம் அந்த 36-இல் 20. இருபதில் 18 சதவீதம் என்றால் 3.6. அண்ணன் பயந்ததில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த 3.6-ஓடு நிறுத்திக்கொள்ள நினைத்தால் அது வேறொரு தவறு. அந்த 5 பேரைப் பாருங்கள். ஒரு புதிய ஆள் 100 வாங்கும்போது கறை எடுப்பவர் 120 வாங்கினார். நாளை புதிய ஆள் 118 வாங்குவார். கறை எடுப்பவர் அதே 120-இல் நிற்பார். ஏழெட்டு வருட அனுபவத்துக்கு மதிப்பு 2 என்று ஆகிவிடும். சட்டம் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அவரே சொல்லிவிட்டுப் போய்விடுவார். குறைந்தபட்ச ஊதியம் ஏறும்போது பல இடங்களில் அதற்குச் சற்று மேலே இருப்பவர்களின் சம்பளமும் ஓரளவு நகர்வதற்கு இதுதான் காரணம். பழைய 20 சதவீத இடைவெளியை முழுதாக மீட்க வேண்டியதில்லை. இந்த 5 பேருக்கும் 7.5 சதவீதம் கூட்டினால் இடைவெளி 9 சதவீதமாவது நிற்கும், அதற்கு 0.75 செலவு. மேற்பார்வையாளர்களுக்கு 3 சதவீதம் கொடுத்தால் 0.2-க்கும் குறைவு. வண்டிக்காரரும் தன் ஆட்களுக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு உங்களிடம் வருவார், அதற்கு 0.4 வையுங்கள். ஆக மொத்தம் ஏறக்குறைய 4.9. எதுவுமே செய்யாமல் இருந்தால் லாபம் 7 என்பது 2 ஆகும். கடை மூடும் நிலை இல்லை. ஆனால் ஒரு பாய்லர் பழுதானால் கையைக் கடிக்கும் நிலை.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் மடங்காகக் கணக்கிடப்படுவதால் அதுவும் தானாக 18 சதவீதம் ஏறும். மேலே உள்ள 20-இல் அது சேர்ந்திருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். சேராவிட்டால் கணக்கு மாறும்.

“விலை ஏறினால் கிராக்கி குறையும்” என்ற விதி

அண்ணன் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் இந்த விதி பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கூலியும் ஒரு விலை. அது ஏறினால் முதலாளிகள் குறைவான ஆட்களை வாங்குவார்கள். இதை நேரில் சோதித்துப் பார்த்ததில் மிகப் பேசப்பட்டது டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் செய்த ஆய்வு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரு பக்கமும் நானூற்றுக்கு மேற்பட்ட துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். சண்டை பல ஆண்டு நீண்டது. கார்டுக்கு 2021-இல் பொருளாதார நோபல் பரிசில் பாதி கிடைத்தது, அதனால் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்க மாநிலங்களில் 1979 முதல் 2016 வரை நடந்த 138 உயர்வுகளை ஒன்றாகப் பார்த்தது. புதிய வரம்புக்குக் கீழே மறைந்த வேலைகளும் அந்த வரம்பிலும் சற்று மேலும் புதிதாகத் தோன்றிய வேலைகளும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அதாவது அந்த வேலைகள் பெரும்பாலும் அழியவில்லை. அதே வேலைக்குச் சம்பளம் ஏறியது. ஆனால் சரக்கை வெளியூர், வெளிநாட்டுப் போட்டியோடு விற்க வேண்டிய தொழில்களில் ஓரளவு வேலை இழப்பு தெரிந்தது.

இது ஏன் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு விளக்கம் ஒளிந்திருக்கிறது: அந்த இரண்டு காலி இடங்கள். பழைய சம்பளத்துக்கு ஆள் வரவில்லை. 10 சதவீதம் கூட்டிக் கொடுத்தால் ஒருவர் வருவார் என்றும், பழைய ஆள் ஒருவரின் சம்பளம் 1 என்றும் வைத்துக்கொள்வோம். அவருக்கு 1.1 கொடுத்தால் போதாது. பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் 12 பேருக்கும் தலா 0.1 கூட்ட வேண்டிவரும், அது 1.2. ஆக அந்த ஒருவரின் உண்மையான விலை 2.3, ஒரு பழைய ஆளின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் நீங்கள் இடத்தைக் காலியாகவே வைத்து, மற்றவர்களை ஞாயிறும் வரச் சொல்கிறீர்கள். சட்டம் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்றிவிட்டால், அந்த 1.2 எப்படியும் செலவாகிவிடுகிறது. அதன்பின் புதிய ஆளின் விலை அவருடைய சம்பளம் மட்டுமே. கூலி ஏறிய பிறகு ஆள் கூடுவதும் நடக்கும் என்று பொருளாதார வல்லுநர் ஜோன் ராபின்சன் 1933-லேயே எழுதியது இந்த நிலையைத்தான்.

இதை வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று மகன் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் அங்குள்ள நடு ஊதியத்தில் எத்தனை பங்கு என்பதுதான் வல்லுநர்கள் முதலில் பார்க்கும் எண். நடு ஊதியம் என்றால், எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவரின் சம்பளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நெறிமுறை 60 சதவீதத்தை ஓர் ஒப்பீட்டு அளவாகக் குறிப்பிடுகிறது. சம்பளம் ஏற்கெனவே நன்றாக இருக்கும் பெருநகரில் தொல்லை தராத உயர்வு, சம்பளம் தாழ்ந்த ஒதுக்குப்புறத்தில் வேலையைத் தின்னலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2019-இல், 15 டாலர் என்ற திட்டத்தை அலசியபோது 1.7 கோடி பேருக்குச் சம்பளம் ஏறும், நடுமதிப்பாக 13 லட்சம் பேர் வேலை இழக்கலாம் என்றது. ஆனால் அந்த இழப்பின் வீச்சு கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 37 லட்சம் வரை. இவ்வளவு அகலமான வீச்சைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

மகனின் வாதத்தையும் உங்கள் தொழிலில் வைத்துப் பாருங்கள். குறைந்த சம்பளக்காரர்கள் கூடுதல் காசை உடனே செலவழிப்பார்கள் என்பது உண்மை. அந்தக் காசு ஹோட்டல் விரிப்பு வெளுக்க வராது. அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போகும், உங்களுக்கு நேரடியாக வருவது சொற்பம்.

நான்கு பேரை நிறுத்தினால் என்ன நடக்கும்

காகிதத்தில் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது: புதிய சம்பளத்தில் நான்கு பேர் என்றால் ஏறக்குறைய 7.9 மிச்சம். அண்ணன் அந்த நான்கு பேரில் இரண்டு பேரை இஸ்திரி ரோலரிலிருந்து எடுக்கச் சொல்கிறார். அங்கே போய் ஒரு பத்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரம் லேசாக இருக்கும் பெரிய விரிப்பின் இரு முனைகளை இரண்டு பேர் பிடித்து, விளிம்பை விறைப்பாக இழுத்து, ஒரே நேர்க்கோட்டில் ரோலருக்குள் கொடுக்கிறார்கள். மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்கிறார்கள். கொடுக்கும் பக்கம் ஒருவரை எடுத்துவிட்டால் விளிம்பு சாய்ந்து போகும், மடிப்பு அந்தச் சூட்டில் அப்படியே பதிந்துவிடும், மறுபடி நனைத்து ஓட்ட வேண்டும். வாங்கும் பக்கம் ஒருவரை எடுத்தால் ரோலர் ஓடும், துணி குவியும், கொடுப்பவர்கள் கை கட்டி நிற்பார்கள். துணி இல்லாமல் சுற்றும் ரோலரும் அதே சூட்டைத்தான் குடிக்கிறது. அதன் மேலுறையும் சீக்கிரம் தேய்கிறது. நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் இரண்டு பேரை எடுத்தால் பாதி வேலை மிஞ்சும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பிரிக்கும் மேசையும் இப்படித்தான். சமையலறை எண்ணெய்த் துணி ஒன்று வெள்ளை விரிப்போடு போனால், கறை சூட்டில் இறுகிய பிறகு எடுப்பது பெரும்பாடு. சீருடைப் பையில் ஒரு பேனா இருந்தால் அந்த லோடே போச்சு. மருத்துவமனைத் துணியைத் தனியாகக் கையாளாவிட்டால் ஒப்பந்தமே போகலாம். உங்களிடம் 100 கிலோவில் 6 கிலோ மறுபடி துவைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் குறைத்தால் அந்த 6 ஏறும், இறங்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு வாரம், ஷிஃப்ட் ஷிஃப்டாக முடிந்த துணியை எடை போட்டு, அந்த ஷிஃப்டில் வேலை செய்த மொத்த ஆள்-மணிநேரத்தால் வகுத்து ஒரு பலகையில் எழுதுங்கள். பிரிப்பு, துவைப்பு, இஸ்திரி, மடிப்பு என்று தனித்தனியாக. எந்த இடத்தில் ஆட்கள் துணிக்காகக் காத்திருக்கிறார்கள், எங்கே துணி ஆட்களுக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியும். பழைய சம்பளத்தில் லாபமாகவும் புதிய சம்பளத்தில் நஷ்டமாகவும் மாறும் மணிநேரங்கள் சில இருக்கத்தான் செய்யும். பெரும்பாலும் துணி வரத்து குறைந்த மாலை வேளைகள். குறைப்பதென்றால் அங்கே குறையுங்கள். போன வருடம் 12 பேரில் 9 பேர் மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. ஒருவர் தானாகப் போகும்போது அந்த மாலை நேரத்தை நிரப்பாமல் விட்டால் போதும்.

சியாட்டில் நகரில் 2016-இல் கூலி 13 டாலர் வரை ஏறியபோது நடந்ததும் இதற்கு நெருக்கமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, குறைந்த ஊதிய வேலைகளில் மணிக் கூலி 3 சதவீதம் போல ஏறியது, வேலை மணிநேரம் 9 சதவீதம் போல குறைந்தது என்றது. வேறு குழுக்கள் அதே நகரத்தின் உணவகங்களில் வேலை குறையவில்லை என்றன. அந்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவின் அடுத்த ஆய்வில், ஏற்கெனவே வேலையில் இருந்த அனுபவசாலிகளுக்கு ஆதாயமும் புதிதாக நுழைபவர்களுக்குக் கதவு சற்றுச் சாத்தப்பட்டதும் தெரிந்தது. யாரையும் நிறுத்தாமல், காலி இடத்தை நிரப்பாமல் விடுவதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும். வேலை தேடி இன்னும் உங்கள் வாசலுக்கு வராத ஒருவர். நான் சொல்லும் யோசனைக்கும் அந்த விலை உண்டு.

கையெழுத்து வாங்கிக்கொள்வது

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஊழியர்கள் மனமுவந்துதான் சொல்கிறார்கள், நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் குறைந்தபட்ச ஊதியம் என்பது இருவர் பேசி விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டின் 131-ஆம் உடன்படிக்கை, அதற்குச் சட்ட வலிமை உண்டு, குறைக்கக் கூடாது, மீறினால் தண்டனை உண்டு என்கிறது. பெரும்பாலான நாட்டுச் சட்டங்களும் இதே வழிதான். அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் தெரிந்தே குறைவாகக் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையாலேயே எழுதிய சாட்சியாக அது மாறும். வேலையை விட்டுப் போன ஒருவர் போய்ச் சொன்னால் போதும், எல்லோருக்கும் சேர்த்துப் பழைய பாக்கியும் அபராதமும் வரும். மருத்துவமனை மாதிரியான வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம்.

இதன் ஒன்றுவிட்ட தம்பிகளும் உண்டு. பதிவேட்டில் 8 மணி நேரத்தை 6 என்று எழுதுவது, சீருடைக்கும் கிழிந்த துணிக்கும் பிடித்தம் செய்து வரம்புக்குக் கீழே இறக்குவது, ஊழியரை ‘சுய ஒப்பந்தக்காரர்’ என்று பெயர் மாற்றுவது. மடிப்புக்கு எண்ணிக்கைக் கூலி கொடுத்தாலும், அவர் வேலை செய்த மணிநேரத்துக்கு வரவேண்டிய குறைந்தபட்சத்தைவிட அது குறையக் கூடாது. குறைந்தால் வித்தியாசத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

உண்மையாகவே வேலை நேரத்தைக் குறைப்பது வேறு விஷயம். ஒப்பந்தமும் சட்டமும் அனுமதித்தால், முன்னறிவிப்போடு செய்யலாம். 18 சதவீதம் ஏற்றி 15 சதவீத நேரத்தைக் குறைத்தால் 1.18-ஐ 0.85-ஆல் பெருக்கியது, கிட்டத்தட்ட 1. அவர்கள் கைக்கு வரும் காசு மாறாது, ஓய்வு கூடும். உங்களுக்கோ துணி அப்படியே கிடக்கும். வேலை நிறைய இருக்கும் லாண்டரிக்கு இது பொருந்தாது.

விலை ஏற்றத்தான் வேண்டும்

நீங்கள் மிகவும் தயங்கும் இடம் இதுதான் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஹங்கேரியில் 2001 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 25,500 ஃபோரின்டிலிருந்து 40,000 ஆகவும் மறு ஆண்டு 50,000 ஆகவும் ஏறியது. உங்களுடையது 18 சதவீதம்; அது இரண்டே படியில் ஏறக்குறைய இரு மடங்கு. பின்னால் அதை ஆராய்ந்தவர்கள், அந்தச் செலவில் சுமார் 75 சதவீதத்தை விலை வழியாக வாடிக்கையாளர்களும் 25 சதவீதத்தை லாபம் குறைந்ததன் மூலம் முதலாளிகளும் ஏற்றார்கள், வேலை இழப்பு ஒப்பளவில் சிறியது என்றார்கள். விலை ஏற்ற முடியாத தொழில்களில்தான் இழப்பு அதிகம். விரிப்பை வெளுக்க வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் போட்டியாளருக்கும் அதே நாளில் அதே சம்பளம் ஏறுகிறது. நீங்கள் மட்டும் தனியாக விலை ஏற்றுவதற்கும் எல்லோரும் சேர்ந்து ஏற்றுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதற்காகப் போட்டியாளரைக் கூப்பிட்டு “எவ்வளவு ஏற்றுகிறீர்கள்” என்று பேசி வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அது போட்டிச் சட்ட மீறல்.

உங்கள் விற்பனையான 100-ஐ மூன்றாகப் பிரியுங்கள். சில்லறை 40: இதில் 6 சதவீதம் ஏற்றுங்கள். 3 சதவீதத் துணி குறைந்துபோகும் என்று வைத்தாலும், சோப்பும் எரிபொருளும் மிச்சமாவதைச் சேர்த்து 1.5 கிடைக்கும். இரண்டு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் 25: இங்கே 4.5 சதவீதம் கேளுங்கள், 4 சதவீதம் கிடைத்தால் 1 வரும். இன்னும் 11 மாதம் விலை கட்டப்பட்ட இரண்டு ஹோட்டல்கள் 35: இங்கே இப்போதைக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் உண்மையான சிக்கல் இந்த 35. நான்கு ஊழியர்கள் அல்ல. அந்த ஒப்பந்தத்தில், சட்டம் மாறினால் விலையை மாற்றலாம் என்ற ‘சட்ட மாற்றம்’ விதி இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இல்லாவிட்டாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. விலைக்குப் பதில் தினசரி எடுப்பை வாரம் ஐந்து நாளாக்குவது, 24 மணி நேரக் கெடுவை 36 ஆக்குவது போன்றவற்றைக் கேட்டால் ஹோட்டல்காரர்கள் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஞாயிறு ஓவர்டைம் அதில் குறையும்.

கடிதம் எழுதும்போது “செலவுகள் எல்லாம் ஏறிவிட்டன” என்று புலம்பாதீர்கள். விற்பனையில் சம்பளத்தின் பங்கு 36 சதவீதம், அது மொத்தத்தில் 12.6 சதவீதம் ஏறுகிறது, ஆகவே 4.5 சதவீதம் கேட்கிறோம் என்று மூன்று எண்ணைக் கொடுங்கள். கொள்முதல் அதிகாரி தன் மேலாளரிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும். இனிமேல் போடும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் ஏறினால் விலை 2.5 சதவீதம் ஏறும் என்ற விதியைச் சேருங்கள். உங்கள் செலவு அமைப்புக்கு அந்த விகிதம் சரியாக வரும்.

ஆக அமலாகும் மாதத்தில் 7-இலிருந்து 4.9 போய் 2.5 திரும்பி, லாபம் 4.6. மறுதுவைப்பை 6-இலிருந்து 4 சதவீதமாக்கினால், எரிபொருளும் சோப்புமான 28-இல் 2 சதவீதம், 0.5-க்கு மேல் மிச்சம். 11 மாதம் கழித்து அந்த 35-இல் 4 சதவீதம் கிடைத்தால் 1.4. கடைசியில் 6.5-க்கு வந்து நிற்பீர்கள்.

சம்பளம் ஏறினால் ஆட்கள் நிலைப்பார்கள், அதிலேயே எல்லாம் ஈடாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. புதிய ஆள் முதல் மூன்று வாரம் பாதி வேகத்தில்தான் வேலை செய்வார், மேற்பார்வையாளரின் நேரத்தையும் எடுப்பார். ஒருவருக்கு 1 என்று வைத்தால் வருடம் 9 பேருக்கு 9, மாதக் கணக்கில் 0.75. மாறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மாதம் 0.25 மிச்சம். நல்லதுதான், 4.9-க்கு ஈடாகாது. அதுவும் எல்லா முதலாளிகளும் ஒரே நேரத்தில் ஏற்றுவதால், உங்களிடம் மட்டும் ஆள் நிலைக்கக் காரணம் கொஞ்சம் குறைகிறது. ஜெர்மனியில் 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோ என்று முதன்முறையாக நாடு தழுவிய வரம்பு வந்தபோது, மொத்த வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சிறிய, குறைந்த ஊதியம் தரும் நிறுவனங்களிலிருந்து ஊழியர்கள் பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்களைப் போன்ற சிறு முதலாளி கவனிக்க வேண்டிய செய்தி அது. 12 பேரின் சம்பளத்தைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது, அந்த 5 பேரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலைவாசிக் கேள்வி

சம்பளம் 18 சதவீதம் ஏறினால் ஊரில் எல்லா விலையும் 18 சதவீதம் ஏறாது. உங்கள் கணக்கே சாட்சி. ஆள் நிறைந்த உங்கள் தொழிலிலேயே 4 முதல் 6 சதவீதம்தான் கேட்கிறீர்கள். அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, 10 சதவீத உயர்வுக்கு உணவு விலை அதிகபட்சம் 4 சதவீதமும் பொது விலைமட்டம் அதிகபட்சம் 0.4 சதவீதமும் ஏறுவதாகச் சொன்னது. ஆகவே உங்கள் ஊழியர்களுக்கு உண்மையான ஆதாயம் உண்டு. அதைத் தருபவர்கள் ஹோட்டலில் தங்குபவர்களும், சீருடை கொடுக்கும் நிறுவனங்களும், கொஞ்சம் நீங்களும்.

மெஷின்

இப்போது வேண்டாம். துண்டு மடிக்கும் மெஷினுக்குத் தவணை, மின்சாரம், பராமரிப்பு சேர்த்து மாதம் 3.4 ஆகும் என்றும் இரண்டு பேர் வேலையைச் செய்யும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய சம்பளத்தில் இரண்டு பேர் 3.3, வாங்கினால் நஷ்டம். புதிய சம்பளத்தில் 3.9, வாங்கினால் 0.5 லாபம். சம்பள உயர்வு இயந்திரத்தை நோக்கித் தள்ளுகிறது என்பது இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த 0.5 மெலிதான லாபம். ஒரு ஹோட்டல் போய்விட்டால் மடிப்பவரைப் பிரிக்கும் மேசைக்கு மாற்றலாம். தவணையை மாற்ற முடியாது. லாபம் 4.6-இல் இருக்கும் மாதங்களில் புதிய கடன் எடுப்பதைவிட, கட்டப்பட்ட அந்த 35 புதுப்பிக்கப்பட்ட பிறகு முடிவெடுங்கள். அப்போதும் அந்த இரண்டு காலி இடங்கள் நிரம்பவில்லை என்றால், யாருடைய வேலையையும் எடுக்காமலே மெஷினுக்கு இடம் இருக்கும். வாங்கும் முன் உங்கள் துண்டுகளில் மூன்று அளவுகளைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அளவு மாறும்போதெல்லாம் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தால் ‘இரண்டு பேர் வேலை’ என்பது ஒன்றேகால் பேர் வேலையாகிவிடும்.

மூன்று மாதத்தில் எந்த வரிசையில்

முதல் வாரமே அந்த 25-க்கான விலைக் கடிதம் போக வேண்டும். புதுப்பிக்கும் மேசையில் உட்காரும்போது சொன்னால் காலதாமதம். அடுத்த இரண்டு வாரம் எடைப் பலகை. அந்த 5 பேரிடமும் மேற்பார்வையாளர்களிடமும், அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கும் முன்பே, எவ்வளவு கூட்டப் போகிறீர்கள் என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். சில்லறை விலைப் பலகையை அமலாகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே மாற்றுங்கள். சம்பளச் சீட்டில் மணிநேரம், விகிதம், பிடித்தம் மூன்றும் தனி வரியில் இருக்கட்டும். அமலாகும் நாள் மாதத்தின் நடுவில் வந்தால் பழைய விகிதமும் புதிய விகிதமும் தனித்தனியாக வர வேண்டும். இரண்டு மாத எரிபொருள் செலவுக்கு ஈடான தொகையைக் கையிருப்பாக ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்து, ஆறு மாத முடிவில் லாபம் 3-க்குக் கீழே இறங்கினால், ஆட்களைத் தொடுமுன் வாடிக்கையாளர் பட்டியலைத் தொடுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் ஒரு ஆள்-மணிநேரத்துக்கு எவ்வளவு வருமானம் என்று அண்ணனைக் கணக்கிடச் சொல்லுங்கள். கனமான துண்டும் மலிவான விலையுமாக ஒரு ஹோட்டல் அடியில் நிற்கும். ஒப்பந்தம் முடியும் நாளில் அதை விட்டுவிடுவதா என்று அப்போது யோசியுங்கள். விட்டால், அந்த அளவுக்கு ஆள் குறைப்பது நியாயமான முடிவு. அதற்கு முன்னறிவிப்புக் காலம், இழப்பீடு, யாரை முதலில் என்ற வரிசை பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.